முப்பத்துநான்கு தலைகள்

டாக்டர் யூகெத் லலான்செத்துக்கு முகங்கள் நினைவில் நிற்காது. பதினைந்து வருடமாகப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் மனிதர் பனி அள்ளும் மண்வெட்டியோடு தெருவில் நின்று சிரித்தால், பதிலுக்கு நன்றாகச் சிரித்துவிட்டு, நாலடி தள்ளி வந்ததும் என்னிடம் "யாரு இவன்?" என்று கேட்பார். அதே மனிதர் எங்கள் ஸ்கேனில் ஒரு தடவை படுத்து எழுந்திருந்தால் போதும். அவருடைய மூளைப் படத்தைப் பத்து வருடம் கழித்துக் காட்டினாலும் சொல்லிவிடுவார். "இது நாப்பத்தேழாம் நம்பர் இல்ல? இந்த இடத்துல மடிப்பு ரெண்டாப் பிரிஞ்சு மறுபடி சேருது பாரு. அவனேதான்."

நான் ஃபெர்னான் ஜோபின். மொன்றியாலில், மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தாறு வருடம் எம்.ஆர்.ஐ. எந்திரம் ஓட்டினேன். ஓட்டுவது என்றால் பஸ் ஓட்டுவது மாதிரி இல்லை. ஆளைப் படுக்க வைத்து, காதை அடைத்து, தலையைக் கூட்டுக்குள் நிறுத்தி, "அசையாதீங்க, எச்சில்கூட முழுங்காதீங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் வந்து பித்தானை அழுத்துவது. யூகெத்தைப் பற்றி எழுதப் படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. அவருடைய ஆராய்ச்சியின் ஆகப் பெரிய தவறு அவர் செய்ததல்ல, நான் செய்தது.

யூகெத் பிறந்தது த்ருவா-ரிவியேரில். அப்பா காகித ஆலைத் தொழிலாளி. பிள்ளைகள் ஏழு. அந்த ஏழில் இடக்கைக்காரி இவர் மட்டும்தான். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் இவருடைய இடக்கையை நாடாவால் நாற்காலியோடு கட்டிவைப்பார்களாம். "சாத்தானோட கை" என்று பெயராம் அதற்கு. நான்கு வருடம் கட்டிப்போட்டதில் எழுத்து வலக்கைக்குப் போய்விட்டது. படம் வரைவது மட்டும் போகவில்லை. கடைசி வரைக்கும் அவர் எழுதுவது ஒரு கையால், வரைவது மறு கையால். தொலைபேசியில் பேசிக்கொண்டே இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வார். பார்க்கிறவனுக்குத்தான் தலை சுற்றும்.

அவர் டாக்டராக இந்த ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. இருபத்துமூன்று வயதில், உடற்கூறு வகுப்புக்குப் படம் வரைகிற பெண்ணாக வந்தார். பேராசிரியர் ஆறு மூளைகளை ஆறு கிண்ணத்தில் போட்டு முன்னால் வைத்து, "ஒரு மூளை வரைஞ்சு குடும்மா, பாடப் புத்தகத்துக்கு" என்றிருக்கிறார். யூகெத் மூன்று நாள் ஒன்றும் வரையவில்லை. நாலாம் நாள் போய்ச் சொன்னார்:

"ஐயா, ஆறும் ஆறு விதமா இருக்கு. நான் எதை வரையறது?"

"பொதுவா இருக்கிறதை வரை."

"பொதுவா இருக்கிறதுன்னு இதுல ஒண்ணுகூட இல்லையே."

பேராசிரியருக்குக் கோபம் வந்ததாம். ஆனால் அந்தக் கேள்வி யூகெத்தை விடவில்லை. பகலில் படம் வரைந்து, மாலை வகுப்பில் படித்து, முப்பத்தாறாவது வயதில் டாக்டர் பட்டம் வாங்கினார். வாங்கிய பிறகும் அதே கேள்விதான். ஏன் எதுவும் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை?

நான் சேர்ந்தபோது அவர் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கிற ஆளின் மூளையை அவர் முதல்முதலாகப் பார்த்த அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன். அதுவரை அவர் பார்த்ததெல்லாம் கிண்ணத்தில் கிடந்தவை, மருந்தில் ஊறிச் சாம்பல் நிறமானவை. அன்றைக்குப் படுத்தவன் ஒரு தபால்காரன். திரையில் படம் ஒவ்வொரு வரியாக இறங்கியது. யூகெத் மூச்சு விடவில்லை. படம் முழுதாக வந்து நின்றதும் எழுந்து, எங்கள் ஊரில் வசவுச் சொல்லாகவே வழங்கும் மாதாகோயில் பூசைப் பாத்திரம் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி நிதானமாக வைதார். ஒரு பாதிரியார் வாயிலாவது அத்தனையும் வரிசையாக வருமா என்பது சந்தேகம். கடைசியில் சொன்னார்:

"ஃபெர்னான், இந்த ஆளு இப்ப மத்தியானச் சாப்பாட்டைப் பத்தி யோசிச்சுக்கிட்டு இருக்கான். இதுக்குள்ளதான் யோசிக்கிறான். நாம வெளியில நின்னு அதைப் பாத்துக்கிட்டு இருக்கோம்."

எனக்கு அன்றைக்குத்தான் உடம்பு சிலிர்த்தது. அதுவரை அந்த எந்திரம் எனக்குச் சோறு போடுகிற இரும்பு, அவ்வளவே.

மூளையின் மேல்தோலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லித் தெரிந்தது. கனம் இரண்டு மூன்று காசை அடுக்கி வைத்த அளவு. விரித்துப் போட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் பெரிய தாள் ஒன்று. அதை ஒரு தேங்காய் அளவு மண்டைக்குள் திணிக்க வேண்டும் என்பதற்காக இயற்கை மடித்து மடித்து வைத்திருக்கிறது. வெளியே தெரிவது மூன்றில் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் மடிப்புக்குள்ளே ஒளிந்திருக்கிறது. பெரிய மடிப்புகள் எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான். சின்ன மடிப்புகள் ஆளுக்கு ஆள் மாறும். இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ஒன்றில்லை. தாய் வயிற்றில் கடைசி மூன்று மாதத்தில் விழுகிற மடிப்பு, சாகும்வரை அப்படியே.

இந்தச் சின்ன மடிப்புகளைத்தான் யூகெத் வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து போனார். கணினி தானாக வரைந்து தரும் காலம் வந்த பிறகும் அதை நம்பவில்லை. ஒரு மூளைக்கு மூன்று நாள். இடக்கையால், மூளையைச் சீவல் சீவலாகக் காட்டும் படத்தில் ஒவ்வொரு தகடாக, மடிப்பின் அடி வரைக்கும் போய்க் கோடு இழுப்பார். மேசையில் கெட்டிப் பட்டாணி சூப் ஆறிப்போய்த் தோல் கட்டியிருக்கும். "டாக்டரம்மா, இது மூளைத்தோலா, சூப்புத்தோலா?" என்று கேட்டால், "ரெண்டும் உனக்கு இல்ல, போடா" என்பார்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு மடிப்பு. மூளையின் இரண்டு பாதியும் ஒன்றையொன்று முகம் பார்த்து நிற்கும் உள்சுவரில், நெற்றிக்குப் பின்னால், ஒரு நீண்ட மடிப்பு ஓடுகிறது. அது எல்லோருக்கும் உண்டு. சிலருக்கு அதன் மேலே, அதை ஒட்டியே, இன்னொன்று ஓடும். இந்த இரட்டை மடிப்பு பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான் இருக்கிறது என்று எண்ணிக் காட்டினார். அதற்கு அடுத்ததாக அவர் சொன்னதுதான் பெரிய செய்தி. இடக்கைக்காரர்களுக்கு அது வலப்பக்கம் மாறி இருக்கிறது!

அந்த முடிவு வந்த நாளில் யூகெத் நடுக்கூடத்தில் நின்று தன் இடக்கையை உயர்த்திக் காட்டியது எனக்கு நினைவிருக்கிறது. "நாடா போட்டுக் கட்டினாங்களே, கட்டினாங்களே! உள்ள பாருங்கடி, நாங்க பிறக்கும்போதே இப்படித்தான் மடிச்சு வந்திருக்கோம்!" என்று யாருமில்லாத சுவரைப் பார்த்துக் கத்தினார். அவர் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பதினான்கு வருடம் அந்த முடிவு நின்றது. பிறர் அதன்மேல் கட்டினார்கள். எட்டுப் பேர் அதை வைத்து டாக்டர் பட்டம் வாங்கினார்கள்.

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு ஜனவரியில் ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சோர்ச்சா மக்கைசக் என்ற இளம் ஆராய்ச்சியாளர். யூகெத் ஓய்வுபெற ஐந்து மாதம் இருந்தது. ஜூனில் வான்கூவர் மாநாட்டில், அந்த மடிப்பைப் பற்றித்தான், அவரைப் பேச அழைத்திருந்தார்கள்.

கடிதம் மிகவும் மரியாதையாக இருந்தது. மரியாதை கூடினாலே நான் உஷாராகிவிடுவேன். தான் நூற்றிருபது இடக்கைக்காரர்களைப் பார்த்ததாகவும், அவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே இரட்டை மடிப்பு இடப்பக்கமே இருப்பதாகவும், எங்கேயோ தானே தவறு செய்திருக்கக்கூடும் என்றும் அந்தப் பெண் எழுதியிருந்தாள். ஒரே ஒரு கேள்வி: எழுபத்தொன்றிலிருந்து நூற்றுநான்கு வரையிலான உங்கள் முப்பத்துநான்கு இடக்கைக்காரர்களும் எப்போது படம் எடுக்கப்பட்டார்கள்?

யூகெத் அதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, "பாவம், நல்ல பொண்ணு. எங்கயோ இடம் வலம் மாத்திப் போட்டிருக்கா. இந்தத் தொழில்ல அது சகஜம்" என்றார்.

எங்கள் தொழிலில் அது சகஜம்தான். மருத்துவர்கள் படத்தை நோயாளியின் எதிரே நிற்பவர் போலப் பார்ப்பார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் முதுகுப்பக்கம் நிற்பவர் போலப் பார்ப்பார்கள். ஒருவருக்கு இடம், மற்றவருக்கு வலம். மூளையின் இரண்டு பாதியும் பார்க்க அக்கா தங்கை மாதிரி இருப்பதால், மாறிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் இப்போதெல்லாம் படுக்கிற ஆளின் வலது நெற்றிப்பொட்டில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை ஒட்டிவிடுகிறோம். படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அது வலம். பதினைந்து வருடத்துக்கு முன்னால் எங்களிடம் அந்த வழக்கம் கிடையாது.

கடிதத்தைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது முழங்கால்.

அந்தக் குளிர்காலம் சனிக்கிழமைகளில் எந்திரத்தைக் காலை ஒன்பது மணிக்குமேல் யூகெத்துக்குக் கொடுத்திருந்தார்கள். ஒன்பதுக்கு முன்னால், ஐஸ் ஹாக்கி ஆடி அடிபட்ட முழங்கால்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி பனிக்கட்டியில் விழுந்தவனெல்லாம் சனிக்கிழமை காலை நொண்டிக்கொண்டு வந்து நிற்பான். முழங்காலுக்கு ஆளைக் கால் முன்னே போகும்படி எந்திரத்துக்குள் தள்ள வேண்டும். தலைக்கு, தலை முன்னே. இந்த மாற்றத்தை எந்திரத்திடம் ஒரு பித்தானால் சொல்ல வேண்டும். நான் அவசரத்தில் அதைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். எந்திரம் உள்ளே வந்த தலையைக் கால் என்று நினைத்துக்கொண்டது. படம் தலைகீழாக வந்து நின்றது.

நான் என்ன செய்தேன்? சட்டை ஒன்று தரையில் கழுத்து கீழே இருக்கும்படி கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நேராக்க இரண்டு வழி. தரையிலேயே அரைவட்டம் சுற்றிப் போடலாம். அல்லது அடியைப் பிடித்துப் புரட்டிப் போடலாம். இரண்டிலும் கழுத்து மேலே வந்துவிடும். ஆனால் புரட்டிப் போட்டதில் வலது கை இருக்க வேண்டிய இடத்தில் இடது கை இருக்கும். நான் படங்களைச் சுற்றவில்லை. புரட்டினேன். ஒரே அழுத்தில் வேலை முடிந்ததே என்று பெருமைகூடப் பட்டேன். எந்திரம் முதலில் பதிந்த மூல நாடாக்களை இடமில்லை என்று அந்த வருடமே அழித்துவிட்டோம். ஏப்ரலில் ஹாக்கி முடிந்தது, முழங்கால்களும் நின்றன, தவறும் நின்றது. யூகெத்தோ அந்த ஒரு குளிர்காலம் முழுக்க இடக்கைக்காரர்களை மட்டும்தான் தேடிப் பிடித்துப் படுக்க வைத்தார். முப்பத்துநான்கு பேரும் என் கையில் சிக்கியவர்கள்.

மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. நல்லவன் மாதிரிச் சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அதுதான் நடந்தது. எண்ணிப் பார்த்தேன். அவர் ஜூனில் போய்விடுவார், எனக்கும் அதற்குப் பிறகு மூன்று வருடம்தான், ஹாலிஃபாக்ஸ் பெண்ணை யார் நம்பப்போகிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். எனக்குச் சோறே இறங்கவில்லை. என் மனைவி மிஷ்லின் மூன்றாம் நாள் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, "எதுவா இருந்தாலும் அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லித் தொலைங்க. இங்க உக்காந்து உருளைக்கிழங்கை முறைச்சா ஆகுமா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அவர் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். முழங்கால், பித்தான், புரட்டியது எல்லாம்.

யூகெத் கோடு இழுத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. மடிப்பின் முனை வரைக்கும் போய் முடித்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தனை பேரு?"

"எத்தனைன்னு எனக்கே தெரியல. எல்லாரும்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா! பதினாலு வருஷமா நினைச்சியா, இல்ல இன்னிக்குத்தான் நினைச்சியா?"

"சத்தியமா திங்கக்கிழமை வரைக்கும் எனக்குத் தோணல, டாக்டரம்மா. தோணினப்புறம் மூணு நாள் சொல்லாம இருந்தேன். அதுதான் நான் செஞ்ச அயோக்கியத்தனம்."

அவர் பூசைப் பாத்திரங்களை ஆரம்பித்தார். ஆனால் இரண்டாவதிலேயே நின்றுவிட்டார். வையக்கூட இல்லையே என்று எனக்கு அழுகை வந்தது. சன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஒவ்வொரு தலைக்கும் மூணு நாள் உக்காந்தேனே, ஃபெர்னான். முப்பத்துநாலு தலை. நூறு நாள். எனக்குத் தெரியலியே. தெரியக் கூடாதுன்னு என் கண்ணு நெனச்சிருக்கு."

துறைத்தலைவர் வில்ப்ராட் அஸ்லானிடம் சொன்னபோது அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர், கெட்ட எண்ணமில்லை. "யூகெத், மூல நாடா இல்ல. நிரூபிக்க வழியில்ல. ஃபெர்னானோட ஞாபகம் மட்டும்தான். வான்கூவர் போயிட்டு வாங்க, கேக் வெட்டுவோம், அப்புறம் நிதானமா ஒரு கடிதம் போட்டுக்கலாம்" என்றார்.

"எட்டுப் பேரு இது மேல ஏறி நிக்கிறாங்க, வில்ப்ராட். அடியில பலகை இருக்கா இல்லையான்னு பாக்காம நான் கேக் திங்கட்டுமா?"

"எப்படிப் பாப்பீங்க?"

"எழுபத்தொண்ணாம் நம்பரை மறுபடி படுக்க வெச்சு."

"யாரு அந்த எழுபத்தொண்ணு? இப்ப எங்க போய்த் தேடுவீங்க?"

"தேட வேணாம். நான்தான்."

எங்கள் கூட்டத்தில் அது வழக்கம். ஊரானைப் படுக்கச் சொல்வதற்கு முன்னால் முதலில் நாம் படுக்க வேண்டும். அந்தக் குளிர்காலத்தின் முதல் இடக்கைக்காரர் யூகெத்தே.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தார். கம்மலைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். மாத்திரையை எடுத்துத் தானே வலது நெற்றிப்பொட்டில் வைத்து, ஒட்டச் சொன்னார். "எது வலம், சொல்லு" என்றார். சொன்னேன். "இன்னொரு தரம் சொல்லு." சொன்னேன். தலை முன்னே என்ற பித்தானை நான் அழுத்தியதை அவர் தலையைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் படுத்தார்.

எந்திரம் தட்டத் தொடங்கியது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்தம்மாவின் முப்பத்தெட்டு வருட உழைப்பு அங்கே வெள்ளைக் குழாய்க்குள் சலனமில்லாமல் படுத்திருந்தது. படம் மெல்ல இறங்கியது. முதலில் மாத்திரை தெரிந்தது, வலப்பக்கம், ஒரு வெள்ளைப் பயறு மாதிரி. பிறகு நெற்றி. பிறகு மடிப்புகள்.

"ஃபெர்னான்." ஒலிபெருக்கியில் அவர் குரல். "எந்தப் பக்கம்?"

நான் படத்தைப் பெரிதாக்கி இன்னொரு தரம் பார்த்தேன்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா? எந்தப் பக்கம்?"

"மாத்திரை வலப்பக்கம் இருக்கு. ரெட்டை மடிப்பு இடப்பக்கம் இருக்கு, டாக்டரம்மா. எல்லாரையும் மாதிரி."

எந்திரம் மூச்சு வாங்கி அடங்கியது.

"சரி" என்றார். "இன்னொரு தடவை எடு. மெல்லிசா, நல்லா எடு. வந்தது வந்துட்டோம், ஒழுங்காப் பாத்துட்டுப் போவோம்."

வெளியே வந்தவர் காலணிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. கம்பளிக் காலுறையோடு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். பழைய எழுபத்தொன்றை ஒரு பக்கமும், புதியதை மறுபக்கமும் வைக்கச் சொன்னார். ஒன்று மற்றதின் கண்ணாடி பிம்பம். சந்தேகத்துக்கு ஒரு நூலளவும் இடமில்லை. பழையதை நான் திருப்பிப் போட்டு, புதியதின் மேல் ஏற்றினேன். ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு மடிப்பின் மேல் போய் உட்கார்ந்தது. பிரிகிற இடத்தில் பிரிந்தது, சேருகிற இடத்தில் சேர்ந்தது.

அவர் உடைந்துபோவார் என்று நான் காத்திருந்தேன். தண்ணீர்கூடக் கொண்டுவந்து வைத்திருந்தேன். அவர் திரையை விரலால் தொட்டார். தொட்டபடியே இருந்தார். திரும்பியபோது அவர் முகத்தில் இருந்ததை எதற்கும் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை. தபால்காரன் படுத்திருந்த நாளில் பார்த்த முகம்.

"பதினாலு வருஷம், ஃபெர்னான். இந்தப் பதினாலு வருஷத்துல அம்மாவப் புதைச்சேன். புருஷன் விட்டுட்டுப் போனான். இடுப்பு எலும்பு மாத்தினாங்க. தப்பை உண்மைன்னு நம்பி ஊரெல்லாம் பேசிட்டு வந்தேன். அத்தனையும் இதுக்குள்ளதான் நடந்திருக்கு. ஒரு மடிப்பு, ஒரே ஒரு மடிப்பு இடம் மாறல பாரு. என்ன வேலைப்பாடு! நான் பொறக்கறதுக்கு முன்னால எவன் உக்காந்து இப்படி மடிச்சான்?"

"உங்க முடிவு போச்சே, டாக்டரம்மா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அதுதான் என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

"போச்சு" என்றார். இப்போது குரல் உடைந்தது. கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. "நான் எதுக்கு இடக்கைக்காரியாப் பொறந்தேன்னு இதுல எழுதியிருக்குன்னு நெனச்சேன். இதுல இல்ல. எங்க இருக்கு? எனக்குத் தெரியல. அறுபத்திரெண்டு வயசுல மறுபடியும் தெரியல." மூக்கை உறிஞ்சிவிட்டு மீண்டும் திரையைப் பார்த்தார். "ஆனா அழகு குறையலியே, ஃபெர்னான். குறைஞ்சிருக்கா, சொல்லு?"

குறையவில்லை. நான் அதற்குள் ஆயிரக்கணக்கான மூளைகளைப் படம் எடுத்து முடித்தவன். அன்று காலைதான் முதல்முறையாக ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்வேன்.

ஒரு தலை போதாது என்று இன்னும் ஆறு பேரைத் தொலைபேசியில் பிடித்தார். ஒரு பஸ் டிரைவர், ஒரு பல் டாக்டர், இரண்டு அக்கா தங்கை, ஒரு மீன்கடைக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஆறு பேருக்கும் மாத்திரை ஒட்டினேன். ஆறு பேருடைய பழைய படமும் புரண்டுதான் இருந்தது. அதற்குமேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆறாவது ஆள் படுத்து எழுந்த அன்று மாலையே ஹாலிஃபாக்ஸுக்குக் கடிதம் போனது. "நீ சொன்னதே சரி. பயந்து பயந்து எழுதாதே, இனி நேராக எழுது" என்று முதல் வரி.

வான்கூவருக்கும் போனார். நான் போகவில்லை, சோர்ச்சா பிறகு சொல்லித் தெரியும். மேடையில் ஏறித் தன்னுடைய இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, "இது நான், இதுவும் நான். இவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு பதினான்கு வருடம் உங்களுக்குத் தவறாகச் சொன்னேன்" என்று தொடங்கினாராம். பேசி முடித்ததும் ஒருவரும் கைதட்டவில்லையாம், எழுந்து மட்டும் நின்றார்களாம். எட்டுப் பேரில் ஒருவர் வந்து சண்டை போட்டிருக்கிறார். அதையும் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஜூன் முப்பதாம் தேதி அவர் ஓய்வுபெற்றார், கேக் வெட்டினோம். ஜூலை இரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு அவர் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முப்பத்துநான்கு தலைகளையும் நான் பழைய புரட்டலை எடுத்துவிட்டு, சரியான முறையில் சுற்றிக் கொடுத்தேன். அவர் ஒன்றாம் தகட்டிலிருந்து மறுபடி கோடு இழுத்தார். தலைக்கு மூன்று நாள். சம்பளம் கிடையாது, அறையும் இப்போது சன்னலில்லாத வேறு அறை. கோடை முழுக்க அதில் போனது, இலையுதிர்காலத்திலும் பாதி போனது. முப்பத்துநான்கும் முடிந்தபோது எண்ணிக்கை சொன்னது இவ்வளவுதான்: இந்த மடிப்பில் இடக்கைக்காரருக்கும் வலக்கைக்காரருக்கும் வித்தியாசம் இல்லை.

அடுத்த வருடம் பிப்ரவரியில் திருத்தம் அச்சில் வந்தது. அரைப் பக்கம். யூகெத் அந்த இதழை என் மேசையில் போட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றாமல் நின்றார். நான் படித்தேன். மூன்று பெயர்கள் இருந்தன. லலான்செத், மக்கைசக், மூன்றாவது ஜோபின். தவறு, ஆய்வுக்குத் தலைமை வகித்தவருடையது என்று அவர் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த வரியில், தவறு எங்கே நேர்ந்தது என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஃபெர்னான் ஜோபின் என்று இருந்தது.

"இது பொய், டாக்டரம்மா" என்றேன். "செஞ்சவன் நான்."

"நீ செஞ்சதும் நான் பாக்காததும் சரியாப் போச்சு. எங்க தப்புன்னு சொன்னது யாரு? நானா? வில்ப்ராடா? நீதானே வந்து நின்னு சொன்ன. அதைத்தான் எழுதியிருக்கேன்."

இருபத்தாறு வருடத்தில் என் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரே தடவை. வீட்டுக்குக் கொண்டுபோய் மிஷ்லினிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, அந்த அரைப் பக்கத்தையும் உரக்கப் படித்தாள். என் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நிமிந்து உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தாள்.